சாப்பாட்டு மேசை இருந்த இடம்

"எனக்குத் தனியா ஒரு ரூம் வேணும்" என்று என் கணவர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். அவர் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோற்றைக் குழம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மாசாயில் எங்களுடையது இரண்டே அறைகள் கொண்ட சின்னத் தெரஸ் வீடு, வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டியது. ஒரு அறையில் நாங்கள், இன்னொன்றில் பிள்ளைகள். மூன்றாவது அறைக்கு எங்கே போவது?

"எங்கங்க இடம் இருக்கு?" என்றேன்.

"இந்த மேசைய எடுத்துட்டா இருக்கு. இங்கேருந்து அந்தச் சுவர் வரைக்கும் மரத்துல ஃபிரேம் அடிச்சு, பிளைவுட் போட்டா போதும்."

மனதுக்குள் அளந்து முடித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது.

அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவராக இருந்தார். தகடு நசுக்கும் இயந்திரம் ஒன்று, நிறுத்தி வைத்திருந்தபோதே இறங்கி, அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதே தொழிற்சாலையில் அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். லாரி வந்தால் பட்டனை அழுத்தித் தடுப்பைத் தூக்க வேண்டும். லாரி போனால் இறக்க வேண்டும். அந்த வேலைக்கு இடது கை போதும். வலது கை எப்போதும் சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ இருக்கும்.

தூக்கத்தில்தான் அவருக்கு அந்தக் கை அடங்கவில்லை. கையை உதறுவார், கத்துவார், எதையோ பிடித்து இழுப்பார். ஒருமுறை அந்தக் கை என் வாயில் பட்டு உதடு கிழிந்துவிட்டது. நான் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை செய்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அங்கே சொன்னேன். டாக்டர் ஒன்றும் கேட்காமல் மருந்து தடவினார். அன்று முதல் என் கணவர் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது விளக்கைப் போடாமல், அவரைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். தகப்பன் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியும்.

அதனால் அவர் அறை கேட்டபோது நான் மறுத்துப் பேசவில்லை. "ரூமுக்குள்ள வந்து படுங்க, எனக்குப் பயமில்ல" என்று முன்பே பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

வீடு புதுப்பிக்கும் ஆள் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, எங்களுக்குக் கட்டாத ஒரு தொகை சொன்னார். அவர் போனதும் என் கணவர், "விடு" என்றார். பிறகு, "ரெண்டு கையும் இருந்திருந்தா நானே முடிச்சிருப்பேன்" என்றார்.

"நான் செய்யறேன். நீங்க சொல்லிக் கொடுங்க."

சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்புதான். ஆனால் கேட்க நன்றாக இல்லை.

கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத நேரங்களில் நான் கைப்பேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, நடுவில் சமமான இடைவெளி விட்டு நிற்கும் கட்டைகள். எலும்புக்கூடு மாதிரி. அதன்மேல் இரண்டு பக்கமும் பலகை. செய்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கையில் ஒரு சுத்தியலும் திருப்புளியும் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. தொழிற்சாலைச் சாமான்களோடு வாழ்ந்தவர், வீட்டில் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

என்ன வாங்குவது என்று அவரிடம் கேட்டேன். அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினார்.

முதலில் நான் காட்டியது இணையத்தில் விற்கும் ஒரு பெட்டி. உள்ளே டிரில், ஒரு கூடை நிறைய துளை போடும் முனைகள், இரண்டு பேட்டரி. பார்க்க அழகாக, விலையும் நம்ப முடியாதபடி மலிவாக இருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இத வெச்சு நம்ம வீட்டுத் தரையில ரெண்டு ஓட்டை போட்டா புகை வரும். சிமெண்டுக்கு, அடிச்சுக்கிட்டே சுத்தற டிரில் வேணும். சுத்தியல் படம் போட்டிருக்கான்னு பாரு."

"பேட்டரி இருந்தா வயர் தொல்லை இல்லையே?"

"பேட்டரி மெஷின்ல மெஷினுக்கா காசு? பேட்டரிக்குத்தான் காசு. நமக்கு ஒரே ஒரு ரூம். வயர் உள்ளதே போதும். கனமா இருந்தா நல்லது, ஆனா உன் கைக்குத் தாங்கணும். தேஞ்சா மாத்தற கார்பன் பிரஷ் தனியா கிடைக்குமான்னு கேளு. கிடைக்கலன்னா அது ஒருதடவை கெட்டா குப்பைதான்."

விபத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் வேறொரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. வீடியோவில் பார்த்து எனக்கே தெரிந்த விஷயங்களையும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். ஸ்க்ரூ நீளம் எவ்வளவு வேண்டும், கட்டை ஈரமாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, பழைய மெஷின் வாங்கலாமா. வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, "இன்னிக்கு என்ன பாத்த?" என்று அவரே கேட்கும் அளவுக்கு வந்தது. பெரியவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வாங்குவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என்னை விட்டுத் தனியே படுப்பதற்கான அறைக்குத்தான் இத்தனையும் என்பது அந்த நேரத்தில் மறந்துவிடும்.

ஆனால் எவ்வளவு நாள்தான் தள்ளுவது? ஒரு சனிக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் வயதான சீனர். மலாயில்தான் பேசினோம். அவர் எல்லாவற்றையும் என் கணவரைப் பார்த்தே சொன்னார். என் கணவர் வலது கையைப் பையிலிருந்து எடுக்காமல் இடது கையால் டிரில்லைத் தூக்கிப் பார்த்தார். பட்டனைப் பூட்டும் சின்னக் குமிழ் இடது கைக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது. எல்லா மெஷினும் அப்படித்தான், வலது கைக்காரர்களுக்காகவே செய்தவை. இரண்டு மூன்றை எடுத்து வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றை நீட்டினார்.

"இது உனக்குத்தானே. நீ புடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தேன். கனமாக இருந்தாலும் கையில் நின்றது. அதை எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது மரம் அறுக்க. வட்ட ரம்பத்தைக் கையில் பிடித்துத் தள்ளுவது எனக்குப் பயம் என்றேன். கடைக்காரர் உடனே உள்ளே கூட்டிப் போய் மேசைமேல் நிற்கும் ஒரு ரம்பத்தைக் காட்டினார். கட்டையை அடியில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் பிளேடைக் கைப்பிடியோடு இறக்கினால் நேராக வெட்டும்.

"இதான் ரொம்ப செலாமாட், அக்கா. பொம்பளைங்களுக்கும் சுலபம்" என்றார். பாதுகாப்பானது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். நான் கேட்காமலே ஒரு கட்டையை வைத்து, சுவிட்சைப் போட்டு, பிளேடை இறக்கினார்.

எனக்கு அது பிடித்திருந்தது. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. "இது நல்லா இருக்குல்ல?" என்று திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்தார். காலையில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகக் கிடந்தது. தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"மேலேருந்து இறங்குது" என்றார்.

மூன்று விரல்களை இழந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டையைப் பிடித்திருந்த ஒரு கைக்குப் பக்கத்தில் மேலிருந்து இரும்பு இறங்குவதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? உள்ளே போய் டிரில்லுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர், "அந்த ரம்பம் வேணாமா? விலை குறைக்கலாம் லா" என்று வாசல் வரை வந்தார். வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து "இன்னிக்கு என்ன பாத்த?" என்று அவர் கேட்பது நின்றது.

அடுத்த வாரம் வேலை முடிந்து நான் மட்டும் போய் ஒரு ஜிக்சா வாங்கினேன். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கிற, தையல் மெஷின் மாதிரிச் சத்தம் போடுகிற சின்னக் கருவி. தடித்த கட்டைக்கு அது ஏற்றதல்ல, வெட்டு கோணிப் போகும் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். ஆனால் மற்ற ரம்பங்களைவிட விலை குறைவு. மேலிருந்து எதுவும் இறங்காது. வீட்டில் அதைக் காட்டியபோது ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி, மெதுவா அறு" என்றார்.

கட்டைகளும் பலகைகளும் வந்து இறங்கின. சாப்பாட்டு மேசையைத் தெருக்கோடி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். அன்று முதல் அவரவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. அவர் இடது கையால் பென்சில் பிடித்து எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போடுவார். நான் ஜிக்சாவின் வயரைச் சொருகினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுக்கிலிருந்த மாமாக் டீக்கடைக்குப் போய்விடுவார். அறுத்து முடித்துவிட்டு நான் போன் பண்ண வேண்டும்.

"முடிஞ்சுது, வாங்க."

வந்து வெட்டைத் தடவிப் பார்ப்பார். கோணிப்போன இடங்களில் சின்ன ஆப்பு சீவி வைக்கச் சொல்வார். குறை சொல்ல மாட்டார். குறை சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

டிரில் சத்தத்தை மட்டும் எப்படியோ தாங்கிக்கொண்டார். நிற்கும் கட்டையை அவர் தோளால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். அந்த நேரம் அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் சிமெண்டுத் தூள் அவர் தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கையால் தட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வலது கையைப் பையிலிருந்து எடுத்து, மிச்சமிருந்த இரண்டு விரலால் என் கன்னத்திலிருந்த மரத்தூளை எடுத்தார். பிறகு, "அடுத்த கட்டைய எடு" என்றார். நானும் எடுத்தேன்.

பலகைகளும் அடித்து முடிந்ததும், பள்ளி விடுமுறையில் மகள்கள் புது அறைக்கு நீலச் சாயம் அடித்தார்கள். ஒரு பழைய கதவை வாங்கி நான் மாட்டினேன். கட்டிலுக்குப் பதில் ஒரு மெத்தை, ஒரு மேசை விசிறி. அவர் தன் துணிகளை எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனபோது நான் கிளினிக்கில் இருந்தேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அவர் பக்கத்துத் தட்டுகளைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். டிரில் சத்தம் கேட்டது. முதலில் பக்கத்து வீடு என்று நினைத்தேன். பிறகுதான் எங்கள் டிரில் என்று தெரிந்தது. கை கழுவாமல் அப்படியே நின்றேன். சத்தம் நின்று, மறுபடி வந்தது. தடுமாறித் தடுமாறி, ஆனால் விடாமல். அவர்தான். இடது கையால், தனியாக, யாரும் கேட்காமல் மெஷினை எடுத்திருக்கிறார். இனிமேல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நம்பினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. அவர் முழங்காலில் நின்று, டிரில்லின் அடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள்.

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு பழைய களை இருந்தது. வேலையை முடித்த மனிதனின் களை.

"சரியா உக்காந்திருக்கா? இழுத்துப் பாரு" என்றார்.

இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாகப் பூட்டியது.

"உக்காந்திருக்கு" என்றேன்.

"பிள்ளைங்க தெரியாம உள்ள வந்துருவாங்க. தூக்கத்துல என் கை எங்க போகும்னு எனக்கே தெரியாது. அதான்."

"நானும் வரக் கூடாதா?"

அவர் டிரில்லின் வயரைச் சுற்றத் தொடங்கினார். ஒரு கையால் சுற்றுவது கஷ்டம், வயர் நழுவி நழுவி விழுந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. முழுவதும் சுற்றி முடித்த பிறகு, "நீயுந்தான்" என்றார்.

சமையலறைக்குத் திரும்பி மீனைக் கழுவி முடித்தேன். அன்று குழம்பு நன்றாக வந்தது என்று சின்னவள் சொன்னாள்.

இப்போதும் அப்படித்தான் இருக்கிறோம். பகலில் அவர் முன்பைவிட நன்றாக இருக்கிறார். பிள்ளைகளோடு பேசுகிறார், கேட்டில் நடந்ததைச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் அலமாரி மாட்டக்கூட ஒருமுறை போய் வந்தார். நன்றாகத் தூங்குகிறார் என்று அவரே சொல்கிறார். பலகை மெல்லியது. சில நாள் அவர் கத்துவது எனக்குக் கேட்கும். எழுந்து உட்கார்ந்து, அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.