போறணை வாசலில் திரும்பிய ஓட்டோ

மார்கழி மாதத்தில் என் அக்காவோடு கதைக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கதைப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் மெற்றில்டாக்கா சாந்த சொரூபி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கிறவள். சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளைக்கும் ஏச்சு விழும், பருப்போடு கல்லையும் சேர்த்து அனுப்புகிற கடைக்காரருக்கும் ஏச்சு விழும். கலியாணம் கட்டாமல் எங்கள் தாய் தகப்பன் இருந்த வீட்டிலேயே இருக்கிறாள். பக்கத்து வளவில் நான். ஓட்டோ ஓட்டுகிறேன். எனக்கும் கோபம் நிறைய வரும், ஆனால் நான் மனதுக்குள் ஏசுகிற ஆள். அவள் எங்கள் ஊர் தன்னாமுனை முழுக்கக் கேட்கிறமாதிரி ஏசுவாள்.

போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அவளுடைய கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து வந்தது. மழை விட்டபாடில்லை. ஆற்றுத் தண்ணீர் கரை தாண்டி எங்கள் வேலி வரைக்கும் வந்து நின்றது. வாசலில் கட்டிய நட்சத்திரக் கூடு நனைந்து, கடதாசி கரைந்து, ஈர்க்கில் மட்டும் தொங்கியது. பாலன் குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று தகரப் பேணிகளில் நெல் போட்டு முளைக்க வைத்திருந்தாள். விரல் உயரம் வளர்ந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆடு புகுந்து ஒரு பேணி விடாமல் மேய்ந்துவிட்டது. அக்கா சண்டைக்குப் போனால், ஆட்டுக்காரி சிரித்துக்கொண்டு, "அதுக்கும் நத்தார்தானே கா" என்றாளாம். எனக்கே கை துறுதுறுத்தது.

எதிர்வீட்டில் கரோல் பழகினார்கள். ஒலிபெருக்கி வைத்துத்தான் பழகுவார்கள், இல்லாவிட்டால் பாலன் பிறக்க மாட்டார் போல. பின்னேரம் தொடங்கினால் ஒரே பாட்டு. ஒரே இடத்தில் பிசகும். திரும்பவும் முதலில் இருந்து. இதற்கிடையில் கரண்ட் போகும், பாட்டு நிற்கும், ஊரே அப்பாடா என்று மூச்சு விடும். உடனே கரண்ட் வந்துவிடும்.

போதாததற்கு லண்டனில் இருந்து யசோதினி மச்சாள் வந்திறங்கினாள். எங்கள் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும் வந்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த நாளில் இருந்து நுளம்பு பற்றி ஒரு முறைப்பாடு, தண்ணீர் பற்றி ஒரு முறைப்பாடு, பிறகு எல்லா வேலையிலும் கை வைக்க ஓர் ஆசை. அக்காவின் சமையலறையில் கை வைப்பதும் குளவிக் கூட்டில் கை வைப்பதும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி கேக்குக்கு வருகிறேன். கோபமெல்லாம் அதில்தான் வந்து முட்டியது.

அக்கா கேக் அடித்தால், எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுபோல, அதைச் சுடுவதற்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான ஏறாவூருக்குக் கொண்டுபோவாள். அங்கே, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற முகைதீன்பாவாவின் பேக்கரியில் பாண் சுடுகிற விறகுப் போறணை இருக்கிறது. பாணை எடுத்த பிறகும் அதன் வயிற்றில் சூடு கிடக்கும். அந்த இளஞ்சூட்டில் கேக் வெந்தால் அதற்கு வருகிற நிறமும் வாசமும் வேறு. அண்ணன் ஒருமுறை கரண்ட் போறணை ஒன்று வாங்கி அனுப்பினார். அக்கா அதற்குள் அகப்பைகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.

முதல்முறை தட்டுகளைக் கொண்டுபோன அன்று காக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தங்கச்சி, இதுக்குள்ள சாராயம் கீராயம் போட்டிரிக்கா?" எங்கள் அம்மாவின் கைப்பக்குவத்தில் பிரண்டி உண்டு. பிளம்ஸையும் சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசியையும் அதில்தான் ஊறப்போடுவார். அக்கா அன்றைக்குத் தட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து எங்களுக்கு வீட்டுக் கரியில் சுட்டுத் தந்தாள். அடுத்த வருடத்தில் இருந்து தேனும் தோடம்பழச் சாறும்தான். "இப்ப ஒண்டும் இல்ல காக்கா" என்றாள். அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கூலியும் வாங்குவதில்லை. அவர் மனைவி றஸீனாவுக்கு அந்த கேக் என்றால் உயிர். அதனால் அக்கா ஒரு வட்டப் பேணியில் தனியாகக் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுபோவாள். பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புக் கோயிலில் குண்டு வெடித்த அந்த வருடம், நத்தாருக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரும் ஏறாவூருக்குத் தட்டுக் கொண்டுபோகவில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் பயமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. துக்கத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அக்கா மட்டும் தட்டுகளை என் ஓட்டோவில் ஏற்றினாள். கோயில் வாசலில் வைத்து ஒருவர், "இந்த வருசமும் அங்கயா?" என்று கேட்டார். "அந்தக் கிழவன் என்னடா செஞ்சான் உனக்கு?" என்று அவள் கத்திய கத்தலில் சுவாமியார் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பெரிய போறணைக்குள் எங்களுடைய தட்டுகள் மட்டும்தான் இருந்தன. வெந்து முடியும் வரைக்கும் காக்கா போறணை வாயிலேயே நின்றார்.

போன வருடத்துக்கு வருகிறேன். கேக் அடிக்கிற நாளில் அக்காவுக்குக் கடும் தடிமன். மூக்கு இறுக அடைத்து, எந்த மணமும் தெரியாமல் கிடந்தாள். றோஸ் எசன்ஸைக்கூடக் குத்துமதிப்பாகத்தான் விட்டாள். அடித்த மாவைத் தட்டுகளில் ஊற்றி, றஸீனாவின் பேணியையும் நிரப்பி, பொலித்தீனால் மூடி ஓட்டோவில் ஏற்றினோம். யசோதினி மச்சாள் தானும் வருவேன் என்று மடியில் ஒரு தட்டோடு ஏறிக்கொண்டாள். மழை பக்கவாட்டில் அடித்தது. தெருக் குழியெல்லாம் தண்ணீரில் மறைந்து கிடந்ததால் எந்தக் குழியையும் நான் தவறவிடவில்லை. ஒவ்வொன்றிலும் விழுந்தேன், ஒவ்வொன்றுக்கும் ஏச்சு வாங்கினேன்.

பேக்கரி தெரிகிற தூரத்தில் மச்சாள் சொன்னாள்: "மச்சாள், இந்த முறை கேக் வேற லெவல்தான் பாருங்க."

"ஏன்?"

"நீங்க கோயிலுக்குப் போன நேரம் பிளம்ஸ் போத்தலுக்குள்ள அரைப் போத்தல் பிரண்டி ஊத்தி விட்டன். எயார்போட்டில வாங்கினது, நல்ல சாமான். மாமி செய்யிற மாதிரி இரிக்கட்டும் எண்டுதான். உங்களுக்கு மணக்கவே இல்லையா?"

"நிப்பாட்டு" என்றாள் அக்கா.

நிப்பாட்டினேன். சரியாகப் பேக்கரிக்கு எதிரே. வேறு இடம் கிடைக்கவில்லை எனக்கு.

"அறிவிருக்கா உனக்கு? ஆரக் கேட்டு ஊத்தினாய்?"

"எதுக்கு மச்சாள் கத்துறீங்க? சூட்டில அதெல்லாம் பறந்து போயிடும். அவருக்கென்ன தெரியவா போகுது?"

நானும் அதைத்தான் நினைத்தேன் என்பது உண்மை. முட்டை, கஜு, மாஜரின், மூன்று நாள் வேலை எல்லாம் அந்தத் தட்டுகளில் கிடந்தது. மழைக்குள் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வைத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?

அதற்குள் காக்கா எங்களைக் கண்டுவிட்டார். சறத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையோடு படியிறங்கி வந்தார். மற்றக் கையை அப்போதே தட்டுக்கு நீட்டிக்கொண்டு வந்தார்.

"திருப்புடா ஓட்டோவ" என்றாள் அக்கா.

"அக்கா, அவர் வாறார்…"

"திருப்பு எண்டு சொன்னன்!"

நடுத்தெருவில் ஓட்டோவைத் திருப்பினேன். காக்கா நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகப்பைகளை எல்லாம் வெளியே எறிந்துவிட்டு, லண்டன் போறணைக்குள் தட்டுகளைத் தள்ளினாள். பாதியில் கரண்ட் போனது. கேக் நடுவில் குழி விழுந்து, எங்கள் தெருவைப் போலவே வெளியே வந்தது. யசோதினி மச்சாள் ஓர் ஓரத்தில் இருந்து அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற சொல் என் காதிலேயே நின்றது. அதை அவள் சொன்னாள், நான் நினைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எரிச்சலில்தான் அக்காவிடம் வாயைத் திறந்தேன்.

"காக்கா என்ன நினைச்சிருப்பார், அக்கா?"

"என்ன நினைக்க?"

"அந்த வருசம் எல்லாரும் தட்டத் திருப்பினாங்க. நீ மட்டும் போனாய். இண்டைக்கு நீயும் அவர் கண்ணுக்கு முன்னால திருப்பிட்டு வந்திரிக்காய்."

அக்காவின் கையில் இருந்த கத்தி கேக்கில் அப்படியே நின்றது. பிறகு, "உனக்கு அங்க வெச்சிச் சொல்ல வாயில்லையாடா நாயே?" என்று கேட்டுக்கொண்டே குடையைத் தேடினாள்.

மறுபடியும் அதே மழை, அதே குழிகள். பேக்கரியில் பின்னேரப் பாணுக்கு ஆட்கள் நின்றார்கள். காக்கா மேசைக்குப் பின்னால் இருந்தார். அக்காவைக் கண்டும் காணாதவர்போலப் பாணைச் சுற்றிக்கொண்டு, "போறணை ஆறிட்டு. நீங்க வேற இடத்தில பாத்திருப்பீங்க" என்றார்.

அவர் அவளை ஒருநாளும் நீங்க என்று கூப்பிட்டதில்லை.

"காக்கா, அந்தக் கேக்குக்குள்ள பிரண்டி!" அக்கா அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினாள். "என்ட லண்டன் மச்சாள் எனக்குத் தெரியாம ஊத்திட்டாள். எனக்கு மூக்கடைச்சிக் கிடந்தது, மணக்கல்ல. உங்கட வாசல்ல வெச்சித்தான் சொல்லுறாள். என்ன செய்யச் சொல்லுறீங்க?"

பாண் சுற்றிய கை நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அதுக்காகவா கிறுகிப் போன நீ?"

"மறுகா வேற எதுக்கு?"

காக்கா அவளை உற்றுப் பார்த்தார். "சொல்லாமக் கொண்டந்து வெச்சிருந்தா எனக்கு எப்பிடித் தெரியும், மெற்றில்டா?"

"உங்களுக்குத் தெரியாதுதான்" என்றாள் அக்கா. "அதனாலதான் கொண்டரல்ல."

அவர் எழுந்தார். இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மனுசன் மேசையில் ஓங்கி அடித்தார்.

"அத அப்பவே வாயத் துறந்து சொல்ல ஏலாதா உனக்கு? ஊருக்கெல்லாம் கேக்கக் கத்துறாய், எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சா? மத்தியானத்தில இருந்து சோறு இறங்கல்ல எனக்கு! அவளும் போயிட்டாளே எண்டு றஸீனா ஒரு பக்கம் அழுகிறாள்!"

"நானும்தான் சாப்பிடல்ல!" என்று அக்கா திருப்பிக் கத்தினாள். இருவரும் கத்திய கத்தலில் ஒரு கிழவி பாணை வாங்காமலே போய்விட்டாள். கடைசியில் காக்கா உள்ளே போய் ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்.

"நாளைக்கு அடிச்சிக் கொண்டா."

"பிளம்ஸ் இல்ல, தோசி இல்ல, கஜுவும் முடிஞ்சி. என்னத்த அடிக்க?"

"மாவும் சீனியும் இரிக்குதானே? போ கா, போய் வேலையப் பாரு."

குழி விழுந்த பிரண்டிக் கேக் கரோல்காரர்களுக்குப் போனது. நத்தார் பாப்பா வேசம் போட்டவர் மூன்று துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அதைக் கேட்டும் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் வெறும் மஞ்சள் கேக் மாவோடு போனோம். பழம் ஒன்றுகூட இல்லாத, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அடிக்கிற மாதிரியான மாவு. வட்டப் பேணியிலும் அதே மாவு. பேக்கரியில் முதல்நாள் சத்தம் ஊருக்கே பரவியிருந்தது. காக்காவின் மருமகன் றுமைஸ் போறணைக்குப் பக்கத்தில் நின்றான். அவன் தட்டை வாங்கிப் பொலித்தீனைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டான்: "அக்கா, இதில ஒண்டும் கலக்கல்லதானே?"

அக்கா வாயைத் திறக்குமுன் காக்கா அவன் கையில் இருந்த தட்டைப் பிடுங்கினார்.

"ஆரிட்டடா கேக்கிறாய்? நடுத்தெருவில, மழைக்குள்ள, என்ட மூஞ்சிக்கு முன்னால தட்டத் திருப்பிட்டுப் போன மனிசியிட்டயா கேக்கிறாய்? இனி ஒருநாளும் அவளிட்ட இதக் கேக்கப்படாது!"

காக்கா நீட்டுக் கட்டையால் தட்டைப் போறணைக்குள் ஒரே தள்ளாகத் தள்ளினார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சீறினாள்.

"மெள்ளத் தள்ளுங்க காக்கா! மா ஒரு பக்கமாச் சாயுது!"