காசிம் பாய் யாருக்காகப் படித்தார்

காசிம் பாய் போய்விட்டார் என்ற செய்தியை, தாராபுரம் பேருந்துக்காக நின்றிருந்தபோது கேட்டேன். சொன்னவர் பனியன் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர். "நம்ம கட்டிங் மாஸ்டர் காலைல தவறிட்டாருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி அந்தப் புள்ளைக்கு யாருங்க படிப்பாங்க?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் கேள்வி எனக்கு விசித்திரமாகப் படவில்லை. திருப்பூர் மண்ணரையில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற லைன் வீடுகளில் எங்களோடு குடியிருந்த யாருக்கும் படாது. பேருந்தை விட்டுவிட்டு மண்ணரைக்குப் போனேன்.

அறுபதுகளில் எங்கள் ஊரில் புத்தகம் என்றால் கணக்குப் புத்தகம்தான். குழந்தைக்குக் கதை படித்துக் காட்டுவது வேலையில்லாதவன் செய்யும் காரியம். திருப்பூரில் வேலையில்லாதவன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் துணிந்ததில்லை, ஆகவே ஒருவரும் படித்ததில்லை. காசிம் பாய் மட்டும் பகலெல்லாம் துணி வெட்டிவிட்டு வந்து, மாலைத் தொழுகை முடித்து, ஜமுக்காளத்தை விரிப்பார். மகள் ஜைனாவை இடப்பக்கம் உட்கார்த்தி, பழைய பேப்பர் கடையில் வாங்கிய சிறுவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"புரிஞ்சுதான்னு புள்ளையக் கேக்க மாட்டீங்களா பாய்?" என்றேன் ஒருமுறை.

"கேட்டா அது பள்ளிக்கூடம் ஆயிருமுங்க. பள்ளிக்கூடத்துக்குத்தான் பகல்ல போகுதே."

ஒரு மழைக்காலத்தில் ஜைனா காய்ச்சலில் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப்போன பின் ஒரு மாலை, சுவருக்கு அப்பாலிருந்து மறுபடி அவர் குரல் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். கதவு திறந்திருந்தது. ஜமுக்காளத்தில் தனியாக உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். படம் வந்த பக்கத்தில் புத்தகத்தை இடப்பக்கம் சாய்த்தார். பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அவர் மனைவி சமையற்கட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

தினமும் இது நடந்தது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவரும் கோயில் பூசாரியும் வெவ்வேறு நாளில் வந்து, இது ஆகாது என்று ஒரே அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். மண்ணரையில் அத்தகைய ஒற்றுமையை நான் அதற்குமுன் கண்டதில்லை. கடைசியில் வீட்டுக்காரக் கவுண்டரே வந்தார்.

"பாய், படிக்கிறத நிறுத்துங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிக்குங்க. புள்ளைங்க ராவுல பயந்துக்குதுன்னு குடியிருக்கறவங்க போறேங்கறாங்க."

"ஊட்ட மாத்துனா எம்பட புள்ளைக்கு வழி தெரியாதுங்களே" என்றார் காசிம் பாய்.

கவுண்டர் பேயைக் காலி செய்யச் சொல்ல வந்தவர். பேயின் விலாசம் குறித்த வாதத்துக்கு அவர் தயாராக வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வள்ளியம்மாள்தான் பேசினாள். "ஏனுங்க, ஆளில்லாத எடத்துல படிச்சாத்தானுங்க பயம்? உசுருள்ள புள்ள ஒண்ணு போயி உக்காந்துட்டா அது வெறுங் கதைதானுங்களே?"

"உம்பட புள்ளைய அனுப்புவியா?" என்றார் கவுண்டர்.

"எம்பட புள்ள மட்டும் என்னத்துக்குங்க? தண்ணிக் கொழாய்க்குப் போட்ட மாதிரி முறை போடுங்க!"

போட்டார்கள். முறை வந்த பிள்ளை கையில் ஒரு உடைந்த மிஷின் ஊசியைக் கொடுத்து அனுப்பினார்கள். இரும்பு கையில் இருந்தால் எதுவும் அண்டாதாம். ஊசியை முழுதாக நம்பாத தாய்மார்கள் துணைக்கு வந்தார்கள். வேலை விட்டு வந்து, அடுப்பு எரியாததைக் கண்ட அப்பன்மார்கள் சண்டை போட வந்தார்கள். கதை முக்கியமான கட்டத்தில் இருந்ததால் சண்டையைத் தள்ளிவைத்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் வள்ளியம்மாளின் மகன் இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். காசிம் பாய் படிப்பை நிறுத்தி, "கண்ணு, கொஞ்சம் தள்ளி உக்காரு சாமி, மறைக்குது" என்றார். யாருக்கு மறைக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பையன் தள்ளி உட்கார்ந்தான். அன்றிலிருந்து படம் வரும்போதெல்லாம் நாங்களும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தோம்.

அவர் வெளியூர் போன நாட்களில் பிள்ளைகள் கதை இல்லாமல் சாப்பிட மறுத்தன. வள்ளியம்மாளின் கணவர் எழுத்துக் கூட்டிப் படித்து வியர்த்துப்போனார். காசிம் பாய் திரும்பி வந்து அவருக்குச் சொன்னது: "தப்பாப் படிச்சாலும் சத்தமாப் படிங்க. புள்ளைக்குப் பிழை தெரியாது. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கறது தெரியுமுங்க." மெல்ல எல்லா வீட்டிலும் விளக்கு வைத்ததும் படிக்கும் குரல் எழுந்தது. குழந்தைகளோடு சேர்ந்து படிக்கும் பழக்கத்தை வளர்ப்பது எப்படி என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்கள் லைனில் அது பேய்ப் பயத்தால் வளர்ந்தது. மேடையில் சிபாரிசு செய்யத் தக்க முறை அல்ல.

காசிம் பாய் இறந்த அன்று, அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபின் நான் மட்டும் வாசலில் நின்றிருந்தேன். அத்தனை வருடமும் படிக்கும் நேரத்தில் சமையற்கட்டை விட்டு வராத அவர் மனைவி, புத்தகத்தோடு வந்தார்.

"நேத்துப் பாதில விட்டுட்டாருங்க தம்பி. நீங்க படிங்க."

நான் பேயை நம்புகிறவன் அல்ல. இருந்தும் ஜமுக்காளத்தின் நடுவில், இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார். வளர்ந்துவிட்ட லைன் பிள்ளைகள் வாசலில் கூடினார்கள். படித்துக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, அவர் கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தார்.

"அங்கியே நிறுத்துங்க தம்பி. முடிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிருவாங்க."

நாளை வருகிறேன் என்றேன். மறுநாள், அந்தக் கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டு, வேறு பத்திரிகையோடு என் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். இறந்தவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுப்போவார்கள், நிலத்தை விட்டுப்போவார்கள். காசிம் பாய் எனக்குக் கேட்பவர்களை விட்டுப்போயிருக்கிறார். அவர்களில் யார் இருப்பவர், யார் இல்லாதவர் என்று நான் பார்ப்பதில்லை. சத்தமாகப் படிக்கிறேன்.