ஒசாகாவில் அழிந்த பொட்டு

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒசாகாவில் போய் இறங்கிய முதல் இரவு, எங்கள் கைக்குழந்தைக்குத் தூக்கமே வரவில்லை.

"வாரும், ஊரைச் சுத்திப் பாப்பம். பிள்ளை தன்ரபாட்டில நித்திரையாயிடுவாள்" என்றார் கணவர்.

புது ஊர், இருட்டு வேறு. பயந்து பயந்து, கண்ணூறு படாமலிருக்க அவள் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்தேன்.

வண்ண விளக்குகள் மினுங்கிய கடைத்தெருவில் ஒரு ஜப்பானியப் பெண்மணி குழந்தை வண்டிக்குள் குனிந்து சிரித்தார். அழுக்கென்று நினைத்து, ஈரத்தாளால் பொட்டைத் துடைத்துவிட்டார்.

"ஐயோ, இஞ்சேருங்கோ, பொட்டை அழிச்சுப்போட்டா!"

"அவ நல்ல கண்ணாலதான் பாக்கிறா. சத்தம் போடாதையும், பிள்ளை நித்திரை கொள்ளுறாள்."

உண்மைதான். மகள் அந்தப் பெண்மணியின் விரலைப் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். அவரும் விரலை இழுக்காமல், அத்தனை கூட்டத்துக்குள்ளும் குனிந்தபடியே நின்றார்.

அந்தத் தெருவின் வெளிச்சம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போதும் மகளுக்குப் பொட்டு வைக்கிறேன். ஆனால் யாராவது அவளை ஆசையாகப் பார்த்தால், முன்புபோல் வண்டியைத் திருப்பிக்கொள்வதில்லை.