உமிக்கரியின் மேல் வந்த பழி

உமிக்கரி இட்டால் மண் மலடாகும் என்று எங்கள் வயல்வட்டையில் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு என் இல்லாளின் தோட்டத்தில் பிறந்தது. அவள் இப்போது இல்லை. மறுத்துரைக்க நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன். கைந்நடுக்கம் மிகுவதற்குள் நடந்ததை எழுதிவைப்பது என் கடன்.

வவுணதீவில், வாவிக் கரையை ஒட்டி, தாய்வழி வந்த ஒரு துண்டு நிலம் அவளுக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் பெண்மக்களுக்கே போகும். மூத்த மகளுக்கு வயலைக் கொடுத்துவிட்டோம். இளையவளுக்கு இந்த மணல் துண்டுதான் மிச்சம். காலையில் வார்த்த நீர் நண்பகலுக்குள் கீழே இறங்கிவிடும், கத்தரிகூட நிமிராது. மாப்பிள்ளை வீட்டார் பங்குனியில் நிலம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம்; அரிசி அருகியிருந்தது. விளையாத நிலத்தோடு வரும் பெண்ணை எவர் கேட்பார்?

அரிசி ஆலைக்குப் பின்னே உமி புகைந்து கரியான இடத்தில் பூசணிக்கொடி தழைத்துக் கிடந்ததை அவள் கண்டிருந்தாள். அந்தத் தையில் வண்டி வண்டியாக உமி கொணர்ந்து மூட்டம் போட்டோம். நடுவில் சிரட்டைத் தணல். அதன்மேல் துளையிட்ட தகரக்குழாய். சுற்றிலும் உமிக் குவியல். உள்ளிருந்து கருமை வெளியே ஊர்ந்துவரும்போது கிளறவேண்டும். சற்றே அயர்ந்தால் எல்லாம் வெண்சாம்பல். ஆகவே முழுதும் கறுத்தவுடன் நீர் வார்த்து அணைப்போம். கிணறு தொலைவு, வாவி காலடியில். குடம் குடமாக மொண்டு ஊற்றினோம். புகை கண்ணைப் பிடுங்கியது, இடுப்பு விட்டுப்போயிற்று.

அவளுடைய தமையனார் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். "என்ன மச்சான், எல்லாரும் தோட்டத்துக்கு எருப் போடுறாங்க, நீங்க அடுப்பைக் கொண்டுவந்து கொட்டுறீங்க?"

"சிரிங்க அண்ணன், சிரிங்க," என்றாள் அவள். "காய்ச்ச பிறகு மிளகாய் கேட்டு வருவீங்கதானே, அப்ப பாப்பம்."

"வந்தா தருவியாகா?"

"ஓம், ஒண்டு தருவன்."

கரியை மண்ணோடு கலந்து மிளகாய் நாற்று நட்டோம். ஈரம் நின்றது. அவள் மண்ணைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். ஆனால் சில நாளில் இலை நுனிகள் தீய்ந்தன. பிறகு நாற்றெல்லாம் சாய்ந்தன. கரிதான் மண்ணைச் சுட்டது என்றார்கள் கண்டவர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள், பாத்தியைப் பார்த்தார்கள், வெற்றிலையைத் தொடாமல் எழுந்தார்கள்.

மறுநாட்காலை தமையனார் ஆறுதல் சொல்ல வந்தார். இன்னும் பல் விளக்கியிருக்கவில்லை. பாத்தியோரம் மிஞ்சிக் கிடந்த கரியில் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் தேய்த்தவர் உடனே துப்பினார்.

"இது என்னகா, கருவாட்டுச் சட்டியைக் கழுவி ஊத்தினீங்களா? ஒரே உப்பு!"

அவளும் தொட்டு நாவில் வைத்தாள். "வாவித் தண்ணி," என்றாள் மெல்ல. "முகத்துவாரத்தை வெட்டிப்போட்டாங்களே, அண்ணன்."

மாரியில் வாவி உப்பின்றி இனித்திருக்கும். அதனால் அந்நாட்களில் எவரும் அதைச் சுவைத்துப் பார்ப்பதில்லை. வயல்கள் மூழ்காதிருக்க, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை மார்கழியில் வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் கடல் உள்ளே ஏறியிருக்கிறது. தணலில் ஊற்றிய நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் கரியில் தங்கிவிட்டது.

தமையனார் இதை ஊரெங்கும் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பழையதையே பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் திரும்பவில்லை. அடுத்த மாரி உப்பைக் கழுவிச் சென்றபின் அதே பாத்தியில் மிளகாய் காய்த்தது. அவள் பறித்தாள், மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. இளையவளுக்கு நெடுநாள் கழித்தே மணமாயிற்று. நிலம் இப்போது அவளிடம் இருக்கிறது. அவளும் உமிக்கரி இடுவதில்லை.

கடல் ஏறிய காலத்தையும், உப்புக் கழிய ஒரு மாரியே போதுமானதாயிற்று என்பதையும் நினைவைக் கொண்டே எழுதினேன். அவ்வாண்டு முகத்துவாரம் வெட்டப் போனவர்களோ அவர்தம் மக்களோ இதைப் படிக்க நேர்ந்தால், பிழைபட்ட இடத்தைத் திருத்தி எனக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.