நாலாவது பக்கம்

சிவநேசனின் வலக்கை வெந்ததற்கு நான்தான் காரணம். விபத்து என்று கம்பனி எழுதியது. அவருடைய கவனக்குறைவு என்றும் எழுதியது. இரண்டும் பொய்! இரண்டாவது பொய் என் வாயிலிருந்து போனது.

இதை வாசிக்கும் நீங்கள் இரக்கத்தோடு என் பக்கத்தில் வராதீர்கள். எனக்கு அது தேவையில்லை. சிவநேசனை எனக்கு இன்றும் பிடிக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பார்க்டேலில் ஒற்றை அறை வீடு, ரொறன்ரோ நகர மையத்தில் வேலை. எங்கள் கம்பனி கனடாவின் மேற்கேயுள்ள அல்பேர்ட்டாவின் வடபகுதியில், தார் மணலில் ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தது. மணலோடு இறுகிக் கிடக்கும் தாரை நீராவியால் இளக வைத்து, கீழேயுள்ள இன்னொரு குழாயில் வடியவிட்டு எடுப்பது. நிலத்தடியில் சூடு எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கச் சுற்றிவரக் கண்காணிப்புக் கிணறுகள். எந்தக் கிணறு எங்கே, எந்த ஆழத்தில் வெப்பமானி... எல்லாம் நான் வரைந்தவை.

களப் பொறியியலாளர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும். சிவநேசனுக்குப் போனது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அவரை இந்தக் கம்பனிக்குச் சொல்லிச் சேர்த்தவளே நான்! யார் வடக்கே போவது என்று மேலாளர் எங்கள் இருவரையும் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அவர் தன் பெயரைச் சொன்னார். வெளியே வந்ததும் எனக்கு விளக்கம் வேறு தந்தார்.

"உமக்கு உந்தக் குளிர் சரிவராது. காம்ப் முழுக்க ஆம்பிளையள். நீர் இஞ்ச இருந்து கணக்கைப் பாரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீங்கள் அங்கே நின்றிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அதன்பின் நாள்தோறும் அவர் அனுப்பும் வெப்பநிலைத் தாள்களைத் தொலைநகல் இயந்திரத்திலிருந்து எடுத்து மேலாளரிடம் கொடுப்பது என் வேலையாயிற்று. தினமும் மூன்று பக்கங்கள்.

ஒரு பெப்ரவரிக் காலையில் நான்கு வந்தன. நாலாவது அவருடைய கையெழுத்தில் இருந்தது. மூன்றாம் கிணற்றின் மேற்பகுதி திடீரென்று சூடேறுகிறது, நீராவி குழாயின் வெளிப்புறமாக மேலே ஏறுகிறது போலிருக்கிறது, அழுத்தத்தைக் குறைக்க உடனே அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார்.

வாசித்தேன். விளங்கியது. மூன்று பக்கங்களை மேலாளரின் மேசையில் வைத்தேன். நாலாவதை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

என்ன நினைத்தேன்? ஒருநாள் தாமதம்... பரிசோதனை கொஞ்சம் கெடட்டும்... மேலாளர் அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கட்டும்... அவ்வளவுதான். அவ்வளவுதானா? கொதிநீராவி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்!

பின்னேரம் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஃபாக்ஸ் கிடைச்சதோ? நாலாம் பக்கத்தை அவரிட்டைக் குடுத்தனீரோ?"

"ஓம் அண்ணை, குடுத்திட்டன். பாத்திட்டுச் சொல்லுறாராம்."

"கெதியாச் சொல்லச் சொல்லும். எனக்கு உது நல்லதாப் படேல்லை."

எழுத்தில் அனுமதி இல்லாமல் அழுத்தத்தில் கைவைக்கக் கூடாது என்பது விதி. மேலாளரை அவர் நேரே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. என்னை நம்பிக் காத்திருந்தார். அந்தத் தாளை நான் வீட்டுக்குப் போகும் வழியில் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்தக் கிணற்றடியில் நிலம் பிளந்து கொதிநீரும் சேறும் சீறின. மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வால்வை மூட அவரே ஓடினார். மூடினார். கை முழங்கைவரை வெந்தது.

விசாரணைக்குக் கட்டுப்போட்ட கையோடு ரொறன்ரோவுக்கு வந்தார். நான்கு பக்கங்கள் அனுப்பியதற்குக் களத்திலிருந்த இயந்திரத்தின் பதிவு இருந்தது; கையால் எழுதிய மூலத்தாள் கிணற்றடிச் சேற்றோடு போயிருந்தது. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாலாவது வெறும் தாளாக வந்தது" என்றேன். அன்று சிவநேசனோடு தொலைபேசியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். குளிரைப் பற்றி என்றேன். என் குரல் நடுங்கவேயில்லை!

சிவநேசன் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"நீர் வாசிச்சனீர்தானே?"

நான் மேலாளரைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை என்று... என் தாய்மொழி எனக்கு விளங்கவில்லையாம்!

அவர் எச்சரிக்கை எதுவும் அனுப்பவில்லை, எல்லாம் அவருடைய கவனக்குறைவு என்று முடிவாயிற்று. அவருடைய வேலை போயிற்று. இரண்டு மாதத்தில் என்னை வடக்கே அனுப்பினார்கள். நிலம் ஏன் பிளந்தது என்று நான் அறிக்கை எழுதினேன். மனப்பாடமாக இருந்த அந்தப் பக்கத்தைத்தான் வரிவரியாக எழுதினேன். பாராட்டினார்கள்.

பிறகு ஒருநாள் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் எதிர்ப்பட்டார். இடக்கையில் மரக்கறிப் பை.

"எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறன் அண்ணை."

தலையசைத்துவிட்டு வெளியே போனார். கேட்டிருக்கலாமே... இன்னொரு முறை கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஆனாலும் கேட்காமல் போனதற்காக அன்று முழுவதும் அவரை மனதுக்குள் திட்டினேன்.

உங்களிடம் சொன்னதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியாது, அதனால் சொல்ல முடிந்தது. அவர் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கிறார். தெருவும் தெரியும், வீட்டு இலக்கமும் தெரியும்.

நான் போகவில்லை.