மெர்ல் காலில் ஒரு வட்டம்

சமையலறையில் ஜாடி மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. படுக்கையறையில் இடது காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மெர்ல், "நெவில், அந்தக் கருமத்த என் மேசை மேல திறக்காத" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். திருகல் நின்றது.

கரும்பு விளையும் அந்த அயல்நாட்டு ஊரில் யாரும் பின்கதவைப் பூட்டுவதில்லை. நெவில் தட்டுவதும் இல்லை. ஞாயிற்றுச் சந்தையில் கறுப்புக் களிம்பு விற்பவன் அவன். தோலில் இருக்கும் கெட்டதை அது வேரோடு பிடுங்கிவிடும் என்பான். சர்க்கார் தடை போட்ட பிறகு மேசைக்கு மேலே தேன், மேசைக்கு அடியில் களிம்பு.

மெர்லுக்கு எழுபது தாண்டிவிட்டது. கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டி மகனை ஆளாக்கியவள். கணவனைப் புதைத்த அன்று மாலையே தோட்டத்துப் புல்லை வெட்டியவள். கிளப்பில் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் ஆடுவாள். தோற்றால் கை குலுக்க மாட்டாள். குமரியாக இருந்தபோது, நாம் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை அவள் காலெல்லாம் தடவிக்கொண்டு கடற்கரையில் கிடந்தாள். வெயிலில் வறுபட்டுப் பழுப்பாவதுதான் அந்த ஊர்ப் பெண்களுக்கு அன்று அழகு. அந்த அழகுக்கு விலையாக, தோல் புற்றை வெட்டியெடுத்ததில், இன்று அவள் மூக்கு நுனியில் ஒரு துண்டு இல்லை, காது மடலில் ஒரு கடி. கேட்பவர்களிடம், "சுண்டெலி தின்னுட்டுப் போச்சு" என்பாள்.

போன குளிர்காலத்தில் கெண்டைக்காலில் துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டரிடம் போனால் மகனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் நகரத்துக்கு இழுத்துப் போய்விடுவான் என்று நெவிலிடம் போனாள். களிம்பு தீயாக எரித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் ஒரு பொருக்கு உதிர்ந்தது. நெவில் அதைச் சீசாவில் போட்டு, "பாத்தியா, வேரு" என்றான். அவளும் நம்பினாள். கோடை வந்ததும் வெள்ளைத் தழும்பின் ஓரத்தில் கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

இந்த முறை மகனிடம் சொல்லிவிட்டாள். அவன் தொலைபேசியில் அழுதான். "இங்க வந்துடும்மா. பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

"உன் பத்தாவது மாடில உக்காந்து லிஃப்ட் சத்தத்தக் கேட்டுக்கிட்டே சாகவா? இந்தப் பக்கம் வெட்டறவங்க யாருன்னு நானே கண்டுபிடிக்கிறேன்."

ஒவ்வொரு ஊராகப் போன் போட்டாள். பக்கத்து ஊரில், மூடிப்போன பாங்க் கட்டடத்தில் தோல் டாக்டர் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது. அவள் தோலில் ஒரு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினாள். மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுகளில் அதுதான் பொல்லாதது.

"வெட்டினா எல்லாம் வெளிய வந்துரும்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது மெர்ல். வெட்டினத மறுபடி ஆய்வுக்கு அனுப்புவேன். ஆழமாப் போயிருந்தா நகரத்துக்குப் போயே ஆகணும்."

"போகச் சொன்னா போறேன். எங்க, எவ்வளவு வெட்டுவன்னு என் கால்லயே வரைஞ்சு காட்டு கண்ணு. படமெல்லாம் எனக்கு வேணாம்."

டாக்டர் பேனாவால் வரைந்தாள். நடுவில் சின்னக் கறுப்பு. அதைச் சுற்றி அகல வட்டம்.

"இவ்வளவா?"

"களிம்பு மேல்தோலத் தின்னுடுச்சு. அடியில என்னத்த விட்டு வச்சிருக்குன்னு தெரியல. அதான்."

மெர்ல் வட்டத்தின் அகலத்தை விரலால் அளந்தாள். பிறகு அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று மாலை கிளப்பில், எல்லோரும் உருளைக்கிழங்கு வறுவல் தின்னும் நேரத்தில், காலை நாற்காலியில் தூக்கி வைத்துக் காட்டினாள்.

"மெர்ல், ஒரு நீளக் கால்சட்ட போட்டா என்ன?" என்றான் ஒருவன்.

"நீ கண்ண மூடிக்கயேன்."

வெட்டும் நாள் நாளை. அதற்காகத்தான் நெவில் ஜாடியோடு வந்திருந்தான். அவள் சமையலறைக்குள் நுழைந்ததும் தொடங்கினான்.

"கத்தி பட்டா பரவும் மெர்ல். இன்னொரு தடவ பூசிப் பாப்போம். நம்ம சிநேகிதத்துக்காகச் சொல்றேன்."

"ஒரு தடவ உன்ன நம்பி ஒரு குளிர்காலத்த விட்டேன். போதும்."

"பயமா இல்லியா உனக்கு?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கு. பயத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்."

நெவில் பெருமூச்சு விட்டு ஜாடியை எடுக்கக் குனிந்தான். சட்டைக் காலர் விலகியது. பிடரியில், ஓரம் கலைந்த கறுப்புப் படை ஒன்று.

"அது எத்தன நாளா?"

"மச்சம்." அவன் கை விருட்டென்று காலருக்குப் போனது.

"உன் களிம்பப் பூசலியா?"

ஊருக்கே வேர் பிடுங்கிக் கொடுத்தவன் தரையைப் பார்த்தான். "எரியுமே" என்றான் மெதுவாக.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஜாடியை எறிந்துவிடுவாள் போலிருந்தது. ஆனால் கை சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது.

"குனி."

"மெர்ல், வேணாம்."

"குனிடா."

குனிந்தான். படையைச் சுற்றி அகலமாக, நிதானமாக ஒரு வட்டம் போட்டாள்.

"நாளைக்குத் திரும்பி வரும்போது நான் வண்டி ஓட்டக் கூடாதாம். நீ ஓட்டற. போன கையோட டாக்டர்கிட்ட இத நீயும் காட்டற. அழிச்சிட்டு வந்தா மறுபடி வரைவேன்."

மேசை மேலிருந்த ஜாடியை அவன் எடுக்கவில்லை. மை கலையாமலிருக்கக் காலரை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனான். மெர்ல் கதவைச் சாத்தினாள்.