கோமதி தின்ற பூண்டு

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா சுந்தரவரதனுக்கு நெய் மிதக்காவிட்டால் அது சோறே இல்லை. 1963-ல் பழையசீவரம் மலைக்கோயில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரத்து டாக்டர் சோதித்துப் பார்த்து, "ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

"இவருக்கா கொழுப்பு? பரம சாதுவாச்சே!" என்று மனைவி நாமகிரி டாக்டரிடம் சண்டைக்குப் போனாள்.

டாக்டர் நெய்யை நிறுத்தச் சொன்னார். "பூண்டுல இருக்கிற கந்தகச் சத்து கொழுப்பைக் குறைக்கும்னு சொல்றாங்க. தினம் சாப்பிட்டுப் பாருங்க."

உத்திரமேரூரில் அவர்கள் தெருவுக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை. "நம்மாத்துல பூண்டா? அதுக்கு நெஞ்சுவலியே தேவலை" என்றாள் நாமகிரி.

ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே சுந்தரவரதனுக்கு வழி தோன்றிவிட்டது. பூண்டை வீட்டுப் பசு கோமதி தின்னட்டும், சத்து பாலில் இறங்கிவிடும், பாலில் தோஷமில்லை. மாடு மேய்க்கும் ஐசக்கிடம் சொன்னார்.

"இன்னா சாமி, மாடு துன்னா மாட்டுக்குத்தானே நெஞ்சு நோவு போவும்?"

"நீ வாங்கிண்டு வா, போறும்."

வாலாஜாபாத் சந்தையிலிருந்து பூண்டு வந்தது. கோமதி ருசி கண்டுவிட்டது. அப்புறம் வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றிலும் வாடை. நெய்யிலும் அடித்ததால் நெய்யே மருந்தாகிவிட்டதென்று சுந்தரவரதன் முன்னைவிடத் தாராளமாக ஊற்றிக்கொண்டார்.

எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் மோப்பம் பிடித்து வந்தாள். சமையலறையில் ஒவ்வொரு ஜாடியாக முகர்ந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கொட்டிலை எட்டிப் பார்த்தபோது கோமதி அவள் முகத்துக்கு நேராக ஏப்பம் விட்டது.

அன்று சாயங்காலமே தெரு கூடியது. பூண்டு தின்ற பசுவின் சாணத்தால் வாசல் தெளிக்கலாமா என்பதில் ஆரம்பித்து, பூண்டு தின்றால் அது பசுதானா என்பதுவரை பேசினார்கள். கடைசியில் கோமதியைத் தெருவை விட்டு அனுப்புவதென்று முடிவாயிற்று.

ஐசக் அதை ஏரிக்கு அப்பால் தன் வீட்டுக்கு ஓட்டிப்போனார். சுந்தரவரதன் தினமும் காலையில் செம்போடு ஏரிக்கரைமேல் நடந்துபோய்ப் பால் வாங்கினார். அதுவும் கொஞ்சநாள்தான். சினைமாடு, பால் வற்றிவிட்டது. வெறும் செம்போடு அவர் நின்றபோது ஐசக்கின் மனைவி ஞானசுந்தரி அடுப்பில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அது என்னம்மா வாசனை?"

"பூண்டு சுட்டுக்கினு கீறேன் சாமி. உங்களுக்கு ஆவாது."

"ஆகும், ஆகும்" என்று சுந்தரவரதன் கையை நீட்டினார்.

மறுபடி சோதித்த டாக்டருக்கு ஆச்சரியம். "கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்கே! பூண்டு சாப்பிட்டீங்களா?"

பக்கத்தில் நாமகிரி நின்றிருந்தாள். "பசு சாப்பிட்டது" என்றார் சுந்தரவரதன்.

சேதி தெருவெங்கும் பரவியது. ஆண்டாளம்மாளின் கணவர் ராஜாராமுக்கும் அப்போது நெஞ்சு படபடப்பு. கோமதி கன்று போட்டதும் தெருவே மாலையோடு போய் அதை அழைத்துவந்தது. தோட்டத்தில் மறைவாக நின்று அதற்குப் பூண்டு ஊட்டியவள் ஆண்டாளம்மாள்; மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலைக் குடித்தவர் ராஜாராம்.

பசு வீட்டுக்கே வந்த பிறகும் சுந்தரவரதன் ஏரிக்கரை நடையை விடவில்லை. கேட்டவர்களிடம் காற்று வாங்கப் போவதாகச் சொன்னார். எண்பது வயது தாண்டியும் வாங்கிக்கொண்டிருந்தார்.